கட்டைவிரல் அளவு

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 22ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் யார் போகலாம், யார் போகக் கூடாது என்று சொன்ன பிரிவு அது. இயந்திரம் ஓடும்போதே எண்ணெய் விடவோ பெல்ட்டை ஏற்றவோ வேண்டிவந்தால், அதற்கெனப் பயிற்சி பெற்ற வயதுவந்த ஆண் தொழிலாளி மட்டுமே அதைச் செய்யலாம் என்றது அது. அவர் உடம்போடு ஒட்டிய உடை அணிந்திருக்க வேண்டும். அந்த உடையை நிர்வாகம்தான் கொடுக்க வேண்டும். அவருடைய பெயர் ஒரு பதிவேட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அடுத்த உட்பிரிவு பெண்களையும் வயது நிரம்பாத இளையோரையும் ஒரே வரியில் சேர்த்து நிறுத்தியது. ஓடும் இயந்திரத்தையும் அதன் விசையைக் கடத்தும் பாகங்களையும் துடைக்க, எண்ணெய் விட, அட்ஜஸ்ட் செய்ய இவர்களை அனுமதிக்கக் கூடாது என்றது. விசையைக் கடத்தும் பாகங்கள் எவை என்று சட்டம் வேறோர் இடத்தில் பட்டியல் போட்டது. தண்டு, சக்கரம், கப்பி என்று போகும் அந்தப் பட்டியலில் பெல்ட்டும் இருந்தது.

மூன்று வினைகளில் கடைசி வினையான 'அட்ஜஸ்ட்' என்ற சொல்லில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தத் தடைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சுழலும் பட்டையில் முந்தானை சிக்கும், சடை சிக்கும். சிக்கினால் இயந்திரம் யோசிக்காது, இழுத்துக்கொண்டு போய்விடும். கதிரடிக்கும் இயந்திரத்திலும் கிரைண்டரிலும் தலைமுடி சிக்கி உயிரை விட்ட பெண்களைப் பற்றிய செய்தியை இன்றைக்கும் நாளிதழின் உள்பக்கத்தில் பார்க்கிறோம். ஆபத்து உண்மை. அந்த ஆபத்துக்குச் சட்டம் கண்ட இரண்டு தீர்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆணுக்குத் தளர்ந்த உடை ஆபத்து என்றால், இறுக்கமான உடையை நிர்வாகம் தைத்துக் கொடுத்தது. பெண்ணுக்குத் தளர்ந்த உடை ஆபத்து என்றால், பெண்ணையே வெளியே அனுப்பியது. ஒருவருக்கு உடுப்பும் பயிற்சியும் பதிவேட்டில் பெயரும் கிடைத்தன. இன்னொருவருக்குப் பாதுகாப்பு கிடைத்தது.

என் சிறுவயதில் எங்கள் ஊர் மாவு மில்லில் மோட்டாருக்கும் அரவைக் கல்லுக்கும் நடுவே அகலமான பட்டை ஒன்று ஓடும். தகர டின்களோடும் தூக்குவாளிகளோடும் பெண்கள் வரிசையில் நிற்போம். "முந்தானையை இழுத்துச் செருகு, சடையைப் பின்னால போடு, அந்தப் பக்கம் போகாத" என்று அம்மா ஒவ்வொரு முறையும் சொல்வார். பட்டை கழன்றுகொண்டால் மில்காரர் ஒரு கட்டையை எடுத்து வந்து, கப்பியின் விளிம்பில் பட்டையை வைத்துத் தள்ளி ஏற்றுவார். தோளில் துண்டு தொங்கும். இடுப்பில் லுங்கி. லுங்கியையும் துண்டையும் யாரும் ஆபத்தான உடை என்று சொல்லி நான் கேட்டதில்லை.

தேனி, திண்டுக்கல் மாவட்டங்களின் நூற்பாலைகளில் இரண்டு மூன்று ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, அந்தக் காசில் படிக்க வந்த மாணவிகள் என் வகுப்பில் இருந்திருக்கிறார்கள். அறுந்த இழையைத் தேடி முடிவது அவர்கள் வேலை. ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர் நடப்பார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. அவர்களில் ஒருத்தி சொன்னாள்: "மெஷின் நின்னா ஃபிட்டர் அண்ணனக் கூப்புடணும் மேம். அவுக வர்ற வரைக்கும் சூப்பர்வைசர் எங்களத்தான் மொறைப்பாரு." இயந்திரத்தின் ஓட்டத்துக்கு அவள் ஈடுகொடுக்க வேண்டும். நின்றுபோனால் ஏன் என்று பார்க்கும் உரிமை மட்டும் அவளுக்குக் கிடையாது.

கார் என்ற பொருளின் வரலாற்றில் இந்த உரிமையை யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொண்ட பெண் ஒருவர் தொடக்கத்திலேயே இருக்கிறார். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், தன் கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சக்கர வண்டியை அவரிடம் சொல்லாமல் எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களோடு ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் போனார். நூறு கிலோமீட்டருக்கும் அதிகம். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். பிரேக் கட்டைகள் தேய்ந்தபோது வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் நிறுத்தி, தோலை வைத்து அடிக்கச் சொன்னார். அந்த வண்டியில் எஞ்சினின் விசை பட்டை வழியாகத்தான் அச்சுக்குப் போனது. உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணத்தின் ஓட்டுநரும் மெக்கானிக்கும் ஒரு பெண். அதற்குப் பிறகு வந்த நூற்று முப்பது ஆண்டுகளில் "பொம்பளைக்கு எதுக்கு பானெட்டுக்குள்ள வேலை" என்று கேட்கும் அளவுக்கு உலகம் எப்படி முன்னேறியது என்பதுதான் புதிர்.

தமிழில் பெல்ட்டுக்கு நல்ல சொற்கள் இருக்கின்றன. வார் என்கிறோம், பட்டை என்கிறோம். சங்கப் பாடல்களில் முழவும் தண்ணுமையும் வரும் இடங்களில் 'விசி' என்றொரு சொல் வரும். தோலை இழுத்து இறுக்கிக் கட்டும் கட்டுக்கு அது பெயர். விசித்தல் என்றால் இறுக்கிக் கட்டுதல். முழவு தொய்ந்திருந்தால் ஒலி எழாது. அளவுக்கு மீறி இழுத்தால் தோல் கிழியும். பறையைத் தீயில் காட்டுகிறவர் எந்த நொடியில் விலக்க வேண்டும் என்பதை விரலால் தட்டிக் காதால் தெரிந்துகொள்கிறார். இறுக்கத்தின் அளவு நம் மரபில் கையிலும் காதிலும் இருந்த அறிவு. அந்த அறிவை வைத்திருந்தவர்களை ஊருக்கு வெளியே குடியிருக்கச் சொன்னதும் நம் மரபுதான். கையால் அறிவதை அறிவு என்று ஒப்புக்கொள்ள மறுப்பதில் சாதிக்கும் ஆணாதிக்கத்துக்கும் ஒரே பழக்கம்.

என்னிடம் இருப்பது பழைய மாருதி 800. தேனியில் வீடு, கம்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் கல்லூரி. வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று தினமும் அதே சாலை. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வயலில் நிற்கும் மாதங்களில் இரண்டு பக்கமும் பச்சை. மலை கூடவே வரும். சில வாரங்களாகக் காலையில் வண்டியைக் கிளப்பும்போது கீச்சென்று ஒரு சத்தம். பிறகு ஒரு மாலையில், டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு மினுங்கி மினுங்கி அணைந்தது.

போகிற வழியில் இருந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினேன். மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

"சார் நம்பரக் குடுங்க மேடம். நான் அவருகிட்டப் பேசிக்கிறேன்."

"சார் இல்ல. வண்டி என்னோடதுதான்."

"அப்ப அண்ணன், தம்பி யாராச்சும்?"

"என்கிட்டயே சொல்லுங்களேன்."

அவர் சற்று யோசித்து, "ஆல்டர்னேட்டரே போச்சு மேடம். மாத்தணும்" என்றார். ஏன் போனது, எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் சொன்னாப் புரியாது மேடம்" என்றார். முனைவர் பட்டத்துக்காக ஐந்து ஆண்டுகள் ஓலைச்சுவடிப் பதிப்புகளின் பாடவேறுபாடுகளோடு மல்லுக்கட்டியவள் நான். சொன்னால் புரியாது என்பதை யாராவது சொல்லிப் பார்த்த பிறகு முடிவு செய்யலாமே என்று தோன்றியது.

ஆல்டர்னேட்டருக்கு விலை கேட்கத்தான் உதிரிபாகக் கடைக்குப் போனேன். கல்லாவில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண். கணவர் இறந்த பிறகு கடையை அவர்தான் நடத்துகிறார். பின்னால் சுவர் முழுக்க ஆணிகளில் பெல்ட்டுகள் தொங்குகின்றன. வி-பெல்ட் செய்யும் ஆலை மதுரை கோச்சடையிலேயே இருப்பதால், இந்தப் பக்கத்தில் ஒரு காலத்தில் பெல்ட் என்றாலே ஃபென்னர் என்றுதான் கேட்பார்கள் என்று அவர் சொன்னார். நான் சத்தத்தைப் பற்றிச் சொன்னதும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஹெட்லைட்டப் போட்டா அந்தக் கீச்சு கூடுதா டீச்சர்?"

கூடியது. விளக்கைப் போட்டால் மின்சாரம் அதிகம் வேண்டும். ஆல்டர்னேட்டரைச் சுற்றுவது அப்போது கனமாகும். தொய்ந்த பெல்ட் கப்பியோடு சேர்ந்து சுற்றாமல் வழுக்கும். வழுக்கும்போது கத்தும். இவ்வளவையும் அவர் காய்கறி விலை சொல்வதைப் போலச் சொல்லிவிட்டு, "மொதல்ல பெல்ட்டப் பாப்போம். எரநூறு ரூபாயில முடியுற காரியத்துக்கு எதுக்கு ஆயிரக்கணக்குல?" என்றார்.

"நீங்களே மாட்டிருவீங்களாக்கா?"

"நம்பரச் சொல்லி எடுத்துக் குடுப்பேன். மாட்டுனதில்ல. இருவது வருசமா அவரு பேசுனதக் கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சதுதான். சேலையோட ஒர்க்‌ஷாப்புல நிக்கக் கூடாதும்பாக. சரி, சேலைய மாத்திக்கிறேன்னு சொன்னா, அதுவும் கூடாதும்பாக."

22ஆவது பிரிவுக்கு இதைவிடச் சுருக்கமான உரை எழுத என்னால் ஆகாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கடை அடைத்த நாளில், அவர் கடை வாசலில் நாங்கள் இருவரும் பானெட்டைத் திறந்தோம். நான் துப்பட்டாவைக் கழற்றிக் கடைக்குள் வைத்தேன். அவர் சேலைக்கு மேல் ஓர் ஆண் சட்டையைப் போட்டுக் கழுத்துவரை பொத்தான் மாட்டினார். கொண்டையை இறுக்கினார். வளையலைக் கழற்றினார். உடைப் பிரச்சினை ஒரு நிமிடத்தில் முடிந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். காரின் பெல்ட்டை மாற்றுவது எஞ்சின் நின்றிருக்கும்போது செய்யும் வேலை. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், சாவி சட்டைப் பையில் இருக்க வேண்டும், பேட்டரியின் நெகட்டிவ் முனை கழற்றப்பட்டிருக்க வேண்டும். சட்டம் பயந்தது ஓடும் இயந்திரத்துக்கு. அந்தத் தடையை நிற்கும் இயந்திரத்துக்கும் நீட்டிக்கொண்டது நாம்தான்.

பெயரிலிருந்தே தொடங்கினார் அக்கா. "எல்லாரும் ஃபேன் பெல்ட்டும்பாக. இந்த வண்டியில ஃபேனு கரண்டுல ஓடுது. இந்தப் பெல்ட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல." பழைய ஜீப்புகளில் பெல்ட்தான் ஃபேனைச் சுற்றும். அந்தப் பெயர் அப்படியே தங்கிவிட்டது. மாருதி 800இல் இந்தப் பெல்ட் சுற்றுவது ஆல்டர்னேட்டரையும், எஞ்சினைச் சுற்றித் தண்ணீரை ஓடவைக்கும் வாட்டர் பம்பையும். ஆக, இது அறுந்தால் பேட்டரி சார்ஜ் ஏறாது என்பது சின்னக் கவலை. தண்ணீர் ஓட்டம் நின்று எஞ்சின் கொதித்துவிடும் என்பதுதான் பெரிய கவலை. செய்யும் வேலை ஒன்று, அழைக்கும் பெயர் வேறு. 'வீட்ல சும்மாதான் இருக்கா' என்ற வாக்கியத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல.

ஆல்டர்னேட்டரைப் பிடித்திருப்பவை இரண்டு இடங்கள். ஓரிடத்தில் அது ஊசலாடும் சுழல் போல்ட். இன்னோரிடத்தில் வளைந்த ஓர் இரும்புத் துண்டு, அதில் நீளமாக ஒரு காடி, காடியில் நகரும் போல்ட். இரண்டையும் தளர்த்தினோம். கழற்ற வேண்டாம், தளர்த்தினால் போதும். ஸ்பேனர் நழுவி என் விரல் முட்டி ஒருமுறை சிராய்த்தது. ஆல்டர்னேட்டரை எஞ்சின் பக்கமாகத் தள்ளியதும் பெல்ட் தொய்ந்து கையோடு வந்துவிட்டது. ஏசி இல்லாத வண்டி என்பதால் ஒரே பெல்ட்தான். ஏசி இருந்தால் அதற்கான பெல்ட்டை முதலில் கழற்ற வேண்டும்.

கழற்றியதை அக்கா வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். உட்பக்கம் சின்னச் சின்ன வெடிப்புகள். பக்கவாட்டுகள் கண்ணாடிபோலப் பளபளத்தன. ஆங்கில வி எழுத்தைப் போல் குறுகிக்கொண்டே போகும் வடிவத்தால்தான் இதற்கு வி-பெல்ட் என்று பெயர். அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் ஜான் கேட்ஸ் என்பவர் 1917இல் ரப்பரும் நூலும் சேர்த்து இந்த வடிவத்தைக் கொண்டுவந்தார். அதுவரை தோலும் கயிறும்தான். வி வடிவத்தின் சூட்சுமம், அது அடிப்பக்கத்தால் பிடிப்பதில்லை. இரண்டு பக்கவாட்டுகளும் கப்பியின் சுவர்களில் ஆப்புபோல் இறுகிப் பிடிக்கின்றன. இழுக்க இழுக்க இன்னும் ஆழமாக இறங்கிப் பிடிக்கும். பக்கவாட்டு தேய்ந்துபோனால் பெல்ட் கப்பியின் அடியைத் தொட்டுவிடும். பிறகு பிடிப்பு இல்லை. வழுக்கலும் சூடும் கத்தலும்தான்.

கப்பிகளில் எண்ணெய் இருக்கிறதா என்று துணியால் துடைத்துப் பார்த்தோம். வாட்டர் பம்பின் கப்பியைக் கையால் சுற்றி, கரகரப்போ ஆட்டமோ இருக்கிறதா என்று பார்த்தோம். புதுப் பெல்ட்டின் எண்ணையும் பழையதன் எண்ணையும் ஒத்துப் பார்த்தோம். பெல்ட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றக் கூடாது. உள்ளே ஓடும் நூல்கள் அறுந்துவிடும். வெளியே தெரியாது, வழியில் காலை வாரும். ஆல்டர்னேட்டரைப் போதுமான அளவு உள்ளே தள்ளினால் பெல்ட் தானாகவே உட்காரும்.

பிறகுதான் இறுக்கம். ஆல்டர்னேட்டரின் கனமான உடலில் ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்து அக்கா வெளிப்பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். நான் காடியில் இருந்த போல்ட்டை முடுக்கினேன், பிறகு சுழல் போல்ட்டை. இரண்டு கப்பிகளுக்கு நடுவே, நீளமாக ஓடும் பகுதியின் மையத்தில், கட்டைவிரலால் பலமாக அழுத்திப் பார்க்க வேண்டும். கைப்புத்தகம் மில்லிமீட்டரில் ஒரு கணக்குச் சொல்லும். தோராயமாக ஒரு சென்டிமீட்டருக்குள் தாழ்ந்தால் சரி. அக்கா அழுத்தினார். "இன்னுங் கொஞ்சம்." தளர்த்தி, தள்ளி, மறுபடி முடுக்கினோம். அழுத்தினார். பிறகு என் கட்டைவிரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். "இதான் அளவு. ஞாபகம் வச்சுக்கங்க."

தொய்ந்திருந்தால் வழுக்கும், சூடேறும், தேயும். சரி, இன்னும் இறுக்கிவிட்டால் நல்லதுதானே என்று தோன்றும். அதிகமாக இறுக்கினால் பெல்ட் கத்தாது. ஓசையே இல்லாமல் ஓடும். ஆனால் அந்த இழுவை முழுவதும் ஆல்டர்னேட்டரின் பேரிங்கிலும் வாட்டர் பம்பின் பேரிங்கிலும் போய் உட்காரும். சில மாதங்களில் அவை ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். சத்தம் போடாமல் இருப்பதால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பொருளில்லை என்பதை ஒரு எஞ்சின் இவ்வளவு தெளிவாகச் சொல்லும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இப்போது 'அட்ஜஸ்ட்' என்ற சொல்லுக்கு வருகிறேன். ஆங்கிலத்திலிருந்து நம் வீடுகளுக்குள் வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்ட சொற்களில் அது ஒன்று. கல்யாணமான பெண்ணிடம் முதல் வாரத்திலேயே சொல்லப்படும் சொல். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா." மாமியாரோடு, கணவனின் குடியோடு, அலுவலகத்தில் மேலே கைபடும் மேலதிகாரியோடு, பேருந்தில் உரசுகிறவனோடு அட்ஜஸ்ட் செய்துகொள்ள வேண்டும். இயந்திரத்தை அட்ஜஸ்ட் செய்யப் பெண்களுக்குத் தடை இருந்தது. வாழ்க்கையை அட்ஜஸ்ட் செய்வது மட்டும் பெண்களின் முழுநேர வேலை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கண்ணால் பார்த்தது வேறோர் அட்ஜஸ்ட்மென்ட். பெல்ட் தொய்ந்தால் பெல்ட்டைச் சுருங்கச் சொல்வதில்லை. அதால் முடியாது. கனமான ஆல்டர்னேட்டர் தன் இடத்திலிருந்து நகர்கிறது. அது நகர்வதற்கென்றே ஒரு காடியை வெட்டி வைத்திருக்கிறார்கள். யார் நகர வேண்டும், எவ்வளவு நகரலாம் என்பதை வடிவமைப்பிலேயே யோசித்திருக்கிறார்கள். நம் குடும்பங்களில் கப்பிகள் எல்லாம் அசையாமல் பதிக்கப்பட்டிருக்கின்றன. நீளவேண்டியதும் சுருங்கவேண்டியதும் பெல்ட் மட்டுமே. அறுந்தால், மட்டமான பெல்ட் என்று சொல்லி வேறொன்று மாட்டுவார்கள். காடி எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

பெல்ட் அறுந்தால் பெண்களின் காலுறையை முறுக்கிக் கட்டி வண்டியை ஓட்டிவிடலாம் என்றொரு பழைய யோசனை உலகம் முழுக்க உலவுகிறது. நம்மூரில் துப்பட்டா, சேலைக் கிழிசல் என்று மாற்றிச் சொல்வார்கள். கொஞ்ச தூரம் ஓடினாலும் ஓடும். பெண்ணின் துணி அவசரத்துக்கு எஞ்சினுக்குள் போகலாம். அவள் கை போகக் கூடாது என்பதில்தான் எல்லாரும் கவனமாக இருக்கிறார்கள்.

எங்கள் பள்ளத்தாக்கில் இந்த விஷயம் என் காரோடு நிற்பதில்லை. விடியும் முன்பே கம்பம், கூடலூர், உத்தமபாளையம், போடி ஊர்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்கு மலையேறுகின்றன. சேலைக்கு மேல் ஆண் சட்டை, தலையில் துண்டு, மடியில் சோற்றுச் சட்டி. உடம்போடு ஒட்டிய உடையை எந்த நிர்வாகமும் அவர்களுக்குத் தைத்துக் கொடுக்கவில்லை. அவர்களாகவே கண்டுபிடித்துக்கொண்டார்கள். போடிமெட்டுப் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். பாரம் அதிகம், வேகம் குறைவு, முன்னாலிருந்து காற்றும் வராது. இந்த ஜீப்புகளில் ஃபேனையும் வாட்டர் பம்பையும் ஒரே பெல்ட் சுற்றுவதால், அது தொய்ந்திருந்தால் ஏதாவது ஒரு வளைவில் எஞ்சின் கொதித்துவிடும்.

குமுளிக்குப் போகும் வழியில், லோயர் கேம்ப் தாண்டிய மலைப்பாதையில், அப்படி நின்ற ஒரு ஜீப்பைப் பார்த்தேன். பானெட்டிலிருந்து ஆவி. ஓட்டுநர் பெல்ட் வாங்கக் கீழே போயிருந்தார். பத்துப் பன்னிரண்டு பெண்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். நான் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கினேன்.

"நேரமாச்சுன்னா அரைநாள் கூலி போச்சு தாயி" என்றார் ஒரு பெண். அவருக்கு அறுபது வயது இருக்கலாம். "இருவது வருசமா இந்த வண்டியிலதான் ஏறி எறங்குறோம். உள்ள என்ன இருக்குன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. தண்ணி எடுத்தாங்கன்னு மட்டும் சொல்லுவாக."

எஞ்சினைத் தொடாமல், கப்பிகளைக் காட்டிச் சொன்னேன். இங்கே ஒரு பெல்ட் ஓடும், அது இந்த ஃபேனைச் சுற்றும், இந்தப் பம்பு தண்ணீரைச் சுற்றவைக்கும், நீங்கள் சுமந்து வருவது அந்தத் தண்ணீர்தான். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது, முகத்தில் அடித்துவிடும் என்றும் சொன்னேன். "அது தெரியும். போன வருசம் ஒரு பய கை வெந்துபோச்சு" என்றார் இன்னொருவர். ஓர் இளம்பெண் எழுந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "கீச்சு கீச்சுன்னு கத்துச்சே, அதானாக்கா அது? நாலு நாளா கத்துச்சு."

நான்கு நாட்களாக அவர்கள் காதில் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அது என்ன சத்தம் என்று தெரிந்திருந்தால், முதல் நாளே ஓட்டுநரிடம் கேட்டிருப்பார்கள். பன்னிரண்டு பேரின் அரைநாள் கூலி, ஐந்து நிமிடம் ஸ்பேனர் பிடிக்கும் வேலை. தொழில்நுட்ப அறிவு ஆணுக்கென்று ஒதுக்கப்படுவதைப் பற்றிக் கருத்தரங்குகளில் பேசுகிறோம். அந்த ஒதுக்கலுக்கு யார் கூலி கொடுக்கிறார்கள் என்பது அந்தச் சுவரோரத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தது.

2020இல் நாடாளுமன்றம் பழைய தொழிலாளர் சட்டங்கள் பலவற்றைத் தொகுத்துப் புதிய சட்டங்களை நிறைவேற்றியது. 1948இன் சட்டமும் அதற்குள் போய்விட்டது. ஏட்டில் இருப்பது மாறும். பள்ளிக்கூடத்தில் ஆண்பிள்ளைகளை மோட்டார் அறைக்கும் பெண்பிள்ளைகளைக் கோலம் போடவும் அனுப்பும் கை, எந்தச் சட்டத்தைப் படித்துவிட்டும் அப்படிச் செய்யவில்லை. அதனால் ஒவ்வோர் ஆண்டும் முதலாமாண்டு மாணவிகளை, பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு மணி நேரத்துக்கு, என் காரைச் சுற்றி நிற்கவைக்கிறேன். ஒவ்வொருத்தியும் பெல்ட்டின் மையத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். பலரிடம் கார் இல்லை. நாளைக்கு ஸ்கூட்டி இருக்கும், கிரைண்டர் இருக்கும், கிணற்று மோட்டார் இருக்கும். "அழுத்துனா ஒடஞ்சிருமா மேம்?" என்று யாராவது கேட்பார்கள். பெண்கள் தொட்டால் உடைந்துவிடும் என்று நமக்குச் சொல்லப்பட்ட பொருள்கள் எவ்வளவு உறுதியானவை என்பதைத் தொட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

புதுப் பெல்ட் ஓட ஓடக் கொஞ்சம் நீளும், கப்பியில் படியும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை இறுக்கிவிட வேண்டும். தேனிக்கும் கல்லூரிக்குமாக ஒரு வாரம் போய்வந்தால் அந்தக் கணக்கு முடிந்துவிடும். இரண்டாம் முறை இறுக்க நான் போனபோது அக்காவின் கடை வாசலில் வேறொரு கார் நின்றது. அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் ஒரு பெண்ணின் வண்டி. அக்கா அதே ஆண் சட்டையில் குனிந்திருந்தார்.

"கூலி எவ்வளவுக்கா வாங்குனீங்க?" என்று கேட்டேன்.

"பெல்ட்டு காசு மட்டுந்தான். இதுக்குப் போயி எப்புடிக் கேக்குறது?"

"ஒர்க்‌ஷாப்புல கேக்குறாங்கல்ல?"

பதில் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது, கடைக் கதவில் அட்டை ஒன்று தொங்கியது. மார்க்கரால் எழுதியிருந்தார். என்னைக் கண்டதும் கல்லாவிலிருந்து எழுந்து வந்து, "'மாட்டித்' தரப்படும்னு அந்த 'த்' வருமா டீச்சர்? எங்க பய வராதுங்குறான்" என்று கேட்டார்.

வரும் என்றேன். 'பெல்ட் இங்கு மாட்டித் தரப்படும். கூலி தனி.'